சும்மா ஒரு பிளான்தானே, தம்பி?

"தம்பி, சும்மா ஒரு பிளான்தானே, பார்த்துப் போடுங்கோ."

டொரொண்டோவில் வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுக் கொடுத்துப் பிழைக்கும் என் நண்பருக்கு வரும் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பேஸ்மென்ட்டைச் சட்டப்படி வாடகைக்கு விட பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு டிராயிங் வேண்டும். நண்பர் ஊரில் சிவில் படித்தவர். இங்கே வந்து ஒன்டாரியோ பில்டிங் கோட் தேர்வுகளை எழுதி, பி.சி.ஐ.என். எண்ணும் வாங்கியவர்.

போன வருடம் ஒரு வேலையை 1,200 டாலருக்கு ஒப்புக்கொண்டார். அட்வான்ஸ் இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை. கிச்சன் இடம் மாறியது, பாத்ரூம் இடம் மாறியது, மொத்தம் ஒன்பது திருத்தம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் 75 மணி நேரம். மணிக்கு 16 டாலர். ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலியே அதைவிட அதிகம். அந்த 1,200-லும் கைக்கு வந்தது 700தான். பிடிஎஃப் ஏற்கெனவே போய்விட்டது. ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், எப்படிக் கேட்பது? "வேர்ஹவுஸ் நைட் ஷிஃப்ட் போயிடலாம்னு இருக்கேன்டா" என்றார்.

தப்பு கிளையன்ட் மேல் மட்டும் இல்லை. நம்மவர்கள் விலை வைக்கும் முறையிலும் தப்பு இருக்கிறது. பக்கத்து டிராஃப்டர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து, அதில் நூறு டாலர் குறைத்துச் சொல்வது விலை ஆகாது.

முதலில் தன் மணி நேர விலை தெரிய வேண்டும். ஓர் உதாரணம். வரியும் சேர்த்து குடும்பத்துக்கு வருடம் 66,000 டாலர் வேண்டும். சாஃப்ட்வேர், இன்ஷூரன்ஸ், கார் எல்லாம் 12,000. மொத்தம் 78,000. வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் போன், கொட்டேஷன், அலைச்சல் போக 25 மணி நேரத்துக்குத்தான் பில் போட முடியும். வருடத்தில் 48 வாரம் என்றால் 1,200 மணி. வகுத்தால் மணிக்கு 65 டாலர். சொந்தத் தொழில் செய்பவர் சி.பி.பி.யில் முதலாளி பங்கையும் சேர்த்து 11.9% கட்டுகிறார் என்பதை மறந்து, சம்பளக்காரர் மாதிரி கணக்குப் போட்டால் நஷ்டம்தான்.

ஆனால் இந்த 65-ஐ அப்படியே கிளையன்ட்டிடம் சொல்லக்கூடாது. மணிக்கணக்கில் வாங்கினால் வேலை தெரிந்தவனுக்குத்தான் தண்டனை. புதியவர் 40 மணி நேரம் எடுப்பதை அவர் 15-ல் முடிப்பார். கிளையன்ட்டுக்கும் மீட்டர் ஓடுகிற பயம். மணிக்கணக்கு நம் நோட்டுக்குள் இருக்கட்டும், வெளியே சொல்வது மொத்த விலையாக இருக்கட்டும்.

நான் ஐடியில் இருப்பவன். மொத்த விலைக்கு எடுத்த புராஜெக்ட்டில் கஸ்டமர் புதிதாக ஒரு பட்டன் கேட்டால்கூட 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்று தனியாக பில் போகும். யாரும் கோபிப்பதில்லை. காரணம், எது உள்ளே, எது வெளியே என்று முதல் நாளே எழுதியாகிவிட்டது. டிராஃப்டரும் ஒரே பக்கத்தில் அப்படி எழுதலாம்.

வீட்டை அளந்து, இருப்பதை வரைவதற்குத் தனிக் கட்டணம். அளந்த பிறகே மீதி வேலைக்கு விலை. அதில் 40% அட்வான்ஸ், வரைவு காட்டியதும் 40%, கடைசி செட்டை அனுப்பும் முன் 20%. இரண்டு முறை திருத்தம் விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் மணிக்கணக்கு. நம் தவறால் சிட்டி திருப்பி அனுப்பினால் இலவசம், கிளையன்ட் மனம் மாறினால் காசு. கேட் ஃபைல் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை வரைந்தவருடையதுதான்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தாமத வட்டி 'மாதம் 2%' என்று மட்டும் எழுதினால், கனடா வட்டிச் சட்டப்படி வருடம் 5%-க்கு மேல் கேட்க முடியாது. வருட விகிதத்தையும் எழுத வேண்டும். தொடர்ந்து நான்கு காலாண்டில் பில் 30,000 டாலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. பதிவு கட்டாயம். "கேஷாத் தாறன், டாக்ஸ் வேண்டாம்" என்பவருக்காக மாட்டிக்கொள்ளப் போவது டிராஃப்டர்தான்.

'இப்படிக் கறாராக இருந்தால் நம்ம ஆட்கள் வர மாட்டார்கள்' என்பார்கள். சிலர் வர மாட்டார்கள்தான். அந்த 75 மணி நேரமாவது மிஞ்சும்.

கடைசியாக ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டு பேஸ்மென்ட்டுக்கும் இதே நண்பர்தான் டிராயிங் போட்டார். ஒரு பிரியாணி விருந்தோடு கணக்கை முடித்துக்கொண்டேன். அன்று முதல் மாதம் தவறாமல் வாடகை வாங்குகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் முன் அவருக்குப் போன் போட்டு, பில் அனுப்பச் சொன்னேன். "அட விடுடா" என்றார். விடக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.