கழித்துப் பார்த்தால் தெரியும்

ஒரு கம்பெனி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டால் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது லாபத்தை. கொஞ்சம் விவரமானவர்கள் "லாபம் காகிதத்தில் இருக்கும், காசு வந்ததா பார்" என்பார்கள். கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டைப் புரட்டி, தொழிலிலிருந்து வந்த ரொக்கம், அதாவது ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோ எவ்வளவு என்று பார்த்துத் திருப்தி அடைவார்கள். அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு. அதே பக்கத்தில் சில வரிகள் கீழே இன்னொரு எண் இருக்கிறது. கட்டிடம், இயந்திரம், கேபிள் என்று நீண்டகாலச் சொத்துகளுக்காகக் கொடுத்த பணம். சுருக்கமாகக் கேபெக்ஸ். மேலே உள்ளதிலிருந்து இதைக் கழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பலர் கழிப்பதில்லை.

ஒரு லாரி முதலாளியை எடுத்துக்கொள்வோம். டீசல், டிரைவர் பேட்டா, வட்டி எல்லாம் போக வருடத்துக்கு 10 லட்சம் கையில் நிற்கிறது. நல்ல தொழில்தான். ஆனால் தேய்ந்த வண்டிகளை மாற்ற வருடாவருடம் அதே 10 லட்சத்தைத் திரும்பப் போட்டால்தான் தொழில் நடக்கும் என்றால்? வீட்டுக்கு ஒரு பைசா வராது. இப்போது அவர் ஒரு தில்லுமுல்லு செய்கிறார். டீசல் செலவில் 4 லட்சத்தை எடுத்து 'லாரி வாங்கிய செலவு' என்ற தலைப்பில் எழுதிவிடுகிறார். உடனே தொழில் வரவு 14 லட்சம் ஆகிவிடும்! லாபமும் ஏறும், ஏனென்றால் சொத்து வாங்கிய செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துத்தான் கழிப்பார்கள். ஆனால் கேபெக்ஸும் 14 லட்சமாகிவிட்டது. கழித்தால்? பழையபடி பூஜ்யம்.

சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற தொலைபேசிக் கம்பெனி 2001-ல் செய்தது இதேதான். 1999-ல் அதன் பங்கு 60 டாலரைத் தாண்டியிருந்தது. மற்ற கம்பெனிகளின் லைன்களைப் பயன்படுத்த அது வாடகை கொடுத்து வந்தது. லைன் காஸ்ட் என்று பெயர். அவர்களுக்கு அதுதான் டீசல். வருமானத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்க்கொண்டிருந்தபோது, வெளியே காட்டியதோ சுமார் 42 சதவீதம். மீதியில் ஒரு பெரும் பகுதியைச் சொத்துக் கணக்குக்குத் தள்ளினார்கள். 2001-ல் மட்டும் 305 கோடி டாலர். 2002-ன் முதல் மூன்று மாதங்களில் இன்னும் சுமார் 80 கோடி.

அந்த வருடத்துக்கு அவர்கள் வெளியிட்ட கணக்கில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் சுமார் 800 கோடி டாலர், கேபெக்ஸ் சுமார் 790 கோடி. இரண்டிலிருந்தும் அந்த 305 கோடியை எடுத்துவிட்டால் உண்மைக் கணக்கு கிடைக்கும்: 495-ம் 485-ம். வித்தியாசம் பொய்க் கணக்கில் 10 கோடி, உண்மைக் கணக்கிலும் 10 கோடி. தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் ஏமாந்தது, பங்குச் சந்தை நிபுணர்கள் ஏமாந்தார்கள். இந்தக் கழித்தல் மட்டும் ஏமாறவில்லை.

அப்போது வேர்ல்ட்காமின் கடன் சுமார் 3,000 கோடி டாலர். வட்டி ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 10 கோடி மிஞ்சுகிற கம்பெனி அசலை அடைக்க 300 வருடம் ஆகும். இதைக் கண்டுபிடிக்க மோசடி நடந்தது தெரிந்திருக்க வேண்டியதில்லை. இது போதாதென்று அதற்கு முந்தைய 2000-ம் வருடம் உள்ளே வந்தது சுமார் 767 கோடி, கேபெக்ஸில் போனது சுமார் 1,148 கோடி. பள்ளம் 381 கோடி. 2001 மே மாதம் சுமார் 1,200 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

கடைசியில் பிடிபட்டதும் கேபெக்ஸில்தான். கம்பெனியின் உள் தணிக்கைப் பிரிவுத் தலைவி சிந்தியா கூப்பரின் குழு 2002-ல் மூலதனச் செலவுகளைச் சரிபார்த்தபோது 'ப்ரீபெய்ட் கெபாசிட்டி' என்ற பெயரில் பெரிய பெரிய தொகைகள் இருந்தன. அது என்ன சொத்து என்று கேட்டால் யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை. ஜூன் 25 அன்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அன்றே 17,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாகவும் அறிவித்தது. ஜூலையில் திவால். தலைமை நிர்வாகியாக இருந்த பெர்னி எபர்ஸுக்கு 2005-ல் 25 வருடச் சிறை விதித்தார்கள். ஓய்வுகாலச் சேமிப்பைச் சொந்தக் கம்பெனிப் பங்கிலேயே போட்டிருந்த ஊழியர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

சரி, கேபெக்ஸ் அதிகமாக இருந்தாலே கம்பெனி மோசம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. அமேசானைப் பாருங்கள். 2022-ல் தொழிலிலிருந்து வந்தது 4,675 கோடி டாலர். சொத்து விற்று வந்த பணம் போக, கேபெக்ஸ் 5,832 கோடி. பள்ளம் 1,157 கோடி, வேர்ல்ட்காமைவிட மூன்று மடங்கு! 2021-லும் பள்ளம்தான். ஆனால் 2023-ல் கேபெக்ஸ் 4,813 கோடியாக இறங்கியது, வரவு 8,495 கோடியாக ஏறியது. போட்ட காசு காசைக் கொண்டு வந்தது. வேர்ல்ட்காமிலோ 1,148 கோடியைக் கொட்டிய மறு வருடம் உண்மையான வரவு 767-லிருந்து 495-க்கு விழுந்தது. ஆகவே ஒரு வருடத்தை மட்டும் கழித்துப் பார்த்துப் பயப்படுவதிலும் அர்த்தமில்லை, குதிப்பதிலும் அர்த்தமில்லை. ஐந்தாறு வருடங்களைச் சேர்த்துக் கழிக்க வேண்டும். பள்ளம் தொடர்ந்தால் அதைக் கடன் நிரப்புகிறதா, புதுப் பங்கு நிரப்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேபெக்ஸில் எவ்வளவு இருப்பதைக் காப்பாற்ற, எவ்வளவு புதிதாக வளர என்பது இன்னொரு கேள்வி. வாரன் பஃபெட் 1986-ம் வருடத்துக்கான கடிதத்திலேயே, நிலையைத் தக்கவைத்துக்கொள்ள ஆகும் செலவைக் கழித்த பிறகுதான் உரிமையாளரின் வருமானம் என்று எழுதினார். நல்ல யோசனைதான், ஆனால் பல கம்பெனிகள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. சொன்னாலும் பிரிப்பவர்கள் அவர்களேதான்.

குத்தகைக்கு எடுத்த சாமான்களும் கேபெக்ஸ் வரியில் வராமல் நழுவிவிடும். அமேசான் 2022-ல் குத்தகை அசல் தவணைகளையும் கழித்து ஒரு எண் வெளியிட்டது. அதில் பள்ளம் 1,980 கோடி.

இந்தக் கழித்தலுக்கும் பிடிபடாத ஆட்கள் உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வேர்ல்ட்காம் செலவைத் தலைப்பு மாற்றி எழுதியது, சத்யம் பணத்தையே கற்பனை செய்தது. அங்கே கழித்துப் பிரயோஜனமில்லை. வங்கிக்கே நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும்.