பன்னிரண்டு கிலோ கருவாடும் ஒரு தசமப் புள்ளியும்

12.6 கிலோ கருவாட்டை 0.35 கிலோ வீதம் பைகளில் போட்டால் எத்தனை பை வரும்? ஊர்காவற்றுறையில் கடற்றொழில் வீட்டுப் பிள்ளையின் கையில் தராசைக் கொடுத்தால் நிறுத்துப் போட்டுச் சொல்லிவிடும். அதையே கொப்பியில் 12.6 ÷ 0.35 என்று எழுதினால் பேனை நின்றுவிடுகிறது. நிற்காத பிள்ளைகளில் பலர் 126ஐ 35ஆல் வகுத்து 3.6 என்கிறார்கள். இரண்டு புள்ளியையும் எடுத்தாயிற்று. ஆனால் ஒன்றைப் பத்தாலும் மற்றதை நூறாலும் பெருக்கிவிட்டார்கள். அவ்வளவு கருவாடும் நாலு பைக்குள் அடங்குமா என்று யாராவது கேட்டிருந்தால் பிள்ளையே திருத்தியிருக்கும்.

'புள்ளியைத் தள்ளு' என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கிலோவைக் கிராம் ஆக்கச் சொல்லுங்கள். 12,600ஐ 350ஆல் வகுக்கிறோம், 36 வருகிறது. கருவாடு கூடவில்லை, பையும் பெருக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே அலகு மாறியது, அவ்வளவுதான். நூறால் பெருக்கி 1260 ÷ 35 என்றாலும் அதே 36.

"வகுத்தால் குறையத்தானே வேணும், ரீச்சர்?" என்று கேட்கும் பிள்ளையை அடக்கிவிடக்கூடாது. மிக நல்ல கேள்வி அது. ஒரு கிலோவிலேயே இரண்டு பை நிரம்பி மிச்சமும் இருக்கும்போது, பன்னிரண்டு கிலோவுக்குப் பன்னிரண்டைவிடக் கூடத்தானே வரும்?

தசமத்தை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டெவினும் 1585இல் வெளியிட்ட சிறுநூலில் இதைத்தான் சொன்னார்: பின்னமில்லாமல், முழு எண்களாலேயே எல்லாக் கணக்கும் செய்யலாம். நில அளவையாளருக்கும் துணி அளப்போருக்கும் வணிகருக்குமாக எழுதினார். நாணயத்தையும் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னார்; அதை அன்று யாரும் ஏற்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் எங்கள் கடல் நடுவே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோதும், அவர்களுடைய கில்டருக்கு 20 ஸ்டைவர், ஸ்டைவருக்கு 16 பென்னிங் என்றே கணக்கு. ஒல்லாந்தில் நூறு சதக் கில்டர் 1816இல்தான் வந்தது. இலங்கை ரூபாய் 1872இல் நூறு சதமாயிற்று.

இன்றைய பிள்ளைகளின் கையில் சதம் புழங்குவதில்லை. ஆகவே அளவுகளை வகுப்பறைக்குள் கொண்டுவரத்தான் வேண்டும். தீவகத்தில் நல்ல தண்ணீர் அருமை, கடல்தண்ணீரே போதும். 7.5 லீற்றரை 750 மில்லிலீற்றர் போத்தல்களில் பிள்ளைகளே ஊற்றட்டும். பத்தாவது போத்தல் நிரம்பியபிறகு 7.5 ÷ 0.75 என்று கரும்பலகையில் எழுதுங்கள்.