பகடை யாருடையது?

தர்மபுத்திரர் சூதாடி நாட்டை இழந்த கதையைக் குழந்தைகளும் அறிவார்கள். அன்று உருண்டது சகுனியின் பகடை என்பதைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. சர்க்கார் லாட்டரியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நமக்கு அந்தப் பகடையின் ஞாபகமே வருகிறது.

நமது தேசத்தில் லாட்டரி நடத்துவதும் நடத்தாததும் அந்தந்த ராஜ்யத்தின் இஷ்டம். கேரளம் 1968 ஜனவரி 26-ந் தேதி முதல் குலுக்கலை நடத்தியது. சீட்டு ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடோ 2003-ல் லாட்டரிக்குத் தலைமுழுகிவிட்டது.

நடத்தும் ராஜ்யங்களுக்குக் கடிவாளமாகப் பார்லிமெண்டு 1998-ல் ஒரு சட்டம் செய்தது. சீட்டை ராஜ்யமே தன் முத்திரையுடன் அச்சிட வேண்டும். குலுக்கலைத் தானே, தன் எல்லைக்குள் நடத்த வேண்டும். விற்ற பணம் ராஜ்யத்தின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். அச்சு வேலையைச் சர்க்கார் அச்சகத்துக்கோ, ரிசர்வ் பாங்கியோ இந்திய பாங்கிகள் சங்கமோ ஏற்ற பட்டியலிலுள்ள பலத்த பாதுகாப்புள்ள அச்சகத்துக்கோதான் கொடுக்கலாம் என்று 2010-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஆபீஸுக்கு நாற்காலி வாங்குவதானால், குறைந்த டெண்டர் கொடுத்தவருக்குக் கான்டிராக்டைக் கொடுத்துவிடலாம். நாற்காலியின் கால் ஒடிந்தால் ஓர் அதிகாரி கீழே விழுவார், அவ்வளவே. சீட்டு அச்சிடுகிறவரும் எண் பொறுக்கும் யந்திரத்தைக் காக்கிறவரும் தவறினால், விழுவது லட்சக்கணக்கான ஏழைகளின் நம்பிக்கை. இது வீண் பயமல்ல. அமெரிக்காவில் பல ராஜ்யங்களுக்குச் சேர்த்து லாட்டரி நடத்தும் சங்கத்தில், பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியே எண் பொறுக்கும் கம்ப்யூட்டரில் கள்ளம் புகுத்தினார். 2017-ல் அவருக்கு 25 வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சர்க்கார் நடத்துவதனால் மட்டும் லாட்டரி சூதாட்டமல்லாமல் போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1999-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் கட்சியும் அதுவே. கூலிக்காரர் தம் மாலைச் சம்பளத்தில் சீட்டு வாங்குவது கான்டிராக்டரை நம்பியல்ல. சீட்டின் மேலுள்ள முத்திரையை நம்பித்தான். விற்பனைக்கு முகவர்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அச்சு, விற்பனை, யந்திரம் எல்லாம் ஒரே கையில் போய்ச் சேருமானால், சர்க்காருக்கு மிஞ்சுவது பெயர்ப் பலகை ஒன்றுதான்.

லாட்டரியே வேண்டாமென்பது நம் அபிப்பிராயம். வேண்டுமென்கிற ராஜ்யங்கள் ஒன்றாவது செய்யட்டும். யாருக்கு என்ன கான்டிராக்ட், எவ்வளவு கமிஷன், தணிக்கை செய்பவர் யார் என்பதை ஜனங்கள் அறியப் பிரசுரிக்கட்டும். சொந்தப் பணத்தை வைத்து ஆடுகிறவனுக்குப் பகடை யாருடையது என்று கேட்கும் பாத்தியதையாவது இருக்க வேண்டாமா?