எந்த பில்டர் நல்ல பில்டர்?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குக் கூடை ஏற்றிவரும் மோட்டார் சைக்கிளைக் காப்பது ஆயில். அந்த ஆயிலைக் காப்பது கையடக்கமான ஒரு பில்டர்!

என்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசுகிறது. பொடி உதிர்கிறது. அது ஆயிலோடு சுற்றினால் பேரிங்கை அரிக்கும். என்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் ஒரு போக விளைச்சலின் லாபமே போய்விடும். இதற்காகத்தான் 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் சுவீட்லாண்டு என்பவர் மோட்டார் காருக்கு ஆயில் பில்டரைக் கண்டுபிடித்தார்.

கடையில் பல கம்பெனி பில்டர்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

"பெரிய பெயராகப் பார்த்து வாங்கு" என்பார்கள். அது பாதிதான் சரி. பெட்டியில் பெயர் அச்சடிக்கப் போலிக்காரனுக்கும் தெரியும். வண்டிக் கம்பெனிகள் பலவும் பில்டரை வேறு தொழிற்சாலையில் வாங்கித்தான் தங்கள் பெயரைப் போடுகின்றன.

ஆகவே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். காகித மடிப்பு ஒரே சீராக இருக்கிறதா? அதன் ஓரம் மூடியோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா? மட்டமான சரக்கு மாட்டிக்கொள்வது இங்கேதான். நூல் அளவு இடைவெளி இருந்தாலும், ஆயில் வடிபடாமல் அந்த வழியே ஓடிவிடும். பிறகு பில்டர் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? ரப்பர் வளையமும் விறைத்துப் போயிருக்கக் கூடாது.

காகிதம் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் நல்ல பெயரும், பில் கொடுக்கும் கடையும் வேண்டும்.

இன்னொன்று. 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் காகித பில்டரே கிடையாது! கம்பி வலையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான் உண்டு. இரண்டையும் கழுவினால் போதும். "பில்டர் மாற்றியாச்சு" என்று மெக்கானிக் காசு கேட்டால், பழைய பில்டரை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.