சுவரிலே லட்சுமி, அடியிலே கம்பெனி பெயர்

பாகலூர் கடைவீதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் காலண்டரில் லட்சுமி நிற்கிறாள். காலடியில் தாமரை, கையிலிருந்து கொட்டும் பொற்காசு. தமிழில் கடைப் பெயர் போட்டதிலும் அவள்தான். எல்லைக்கு அப்பாலிருந்து கன்னடத்தில் பெயர் போட்டு வந்ததிலும் அவள்தான். ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவரின் வாடகை அறையிலும், ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் பெண்ணின் வீட்டிலும் அவளே. பொற்காசு மட்டும் இன்னும் படத்தை விட்டு இறங்கக் காணோம்!

கேலிக்காக இதை எழுதவில்லை. நம் தோழர்களில் சிலர் "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். அது போதாது. இந்தப் படம் நம் சுவருக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டாமா?

புராணச் சித்திரம் ஒரு காலத்தில் கோயில் சுவரிலும் அரண்மனைச் சுவரிலும் இருந்தது. கிளிமானூர் ரவிவர்மா (1848–1906) தைல வர்ணத்தில் தீட்டியதும் திருவாங்கூர், பரோடா, மைசூர் மகாராஜாக்களுக்குத்தான். ஆனால் அவரே 1894-இல் பம்பாயில் கல் அச்சுக்கூடம் ஏற்படுத்தினார். ஜெர்மனியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். அந்தக் கற்களைத் தேய்த்து, தூக்கி, மை பூசிய தொழிலாளிகளின் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. அவர்கள் கையால்தான் சரஸ்வதியும் லட்சுமியும் சாதாரண ஜனங்களின் வீட்டுக்கு வந்தார்கள். கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட சேரி மக்களுக்கு இது சாமானிய விஷயமா? மதுரை மீனாட்சி கோயில் கதவு அவர்களுக்குத் திறந்தது 1939-இல். அச்சுப் படத்துச் சாமி அதற்கு நாற்பது ஆண்டு முன்பே கடைக்கு வந்துவிட்டது.

முதலாளி இதைச் சும்மா விடுவானா? மான்செஸ்டர் மில் துணி நம் நாட்டுக்கு வந்தபோது அதன்மேல் ஒட்டிய லேபிளில் கிருஷ்ணனும் லட்சுமியும் சிரித்தார்கள். நம் நெசவாளியின் தறியை முடக்கிய துணி. அதற்கு முத்திரை நம் சாமி! சிவகாசியிலும் தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்கு அச்சகம் வந்தது, அச்சகம் பெருகிக் காலண்டர் வந்தது. நாடகத் திரை எழுதி வந்த கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் தமிழ்நாட்டு வீடுகளை நிறைத்தன. அவர்களுடைய கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை. அந்தச் சரிகையை ஒரு இழை விடாமல் எழுத எத்தனை பொறுமை வேண்டும்! குறை வேறு இடத்தில். நகைமேல் நகையாக ஏற்றி, முகத்தில் சாந்தத்தை வைத்து, கதையிலிருந்த கோபத்தையும் கண்ணீரையும் வெளியே தள்ளிவிட்டது இந்தச் சந்தை.

பாரிசிலும் இதே சங்கதிதான். குஸ்தாவ் மொரோ என்ற ஓவியர் 1895-இல் முடித்த 'ஜூபிடரும் செமெலேயும்' சித்திரத்தில் ரத்தினக் குவியல் கண்ணைப் பறிக்கிறது. தேவனை அவனுடைய நிஜரூபத்தில் காண விரும்பிய மானிடப் பெண் எரிந்து சாகிற கதை அது. நகைகளுக்கு நடுவே அவளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே மொரோ 1868-இல் புரோமிதியசை எழுதினார். தேவர்களின் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த குற்றத்துக்காகப் பாறையில் பிணைக்கப்பட்டவன். கழுகு ஈரலைக் கிழிக்க, அவன் அதைப் பாராமல் நேரே நோக்குகிறான். இந்தப் புரோமிதியசைத்தான் மார்க்ஸ் 1841-இல் தம் ஆய்வுரையின் முன்னுரையில் தத்துவத்தின் காலண்டரிலே முதல் தியாகியாக வைத்தார். அதுவும் காலண்டர்தான்!

நம் நாட்டிலும் புராணம் கோபப்பட்டிருக்கிறது. காடில்கரின் 'கீசகவதம்' என்ற மராத்தி நாடகத்தில் கீசகன் கர்சன் பிரபுவே என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். சர்க்காருக்கும் அது புரிந்தது, 1910-இல் தடை போட்டது. பாரதியின் பாஞ்சாலியும் அடிமைப்பட்ட தேசத்தைத்தான் சுமந்து நின்றாள். வங்கப் பிரிவினை நடந்த 1905-இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதா சித்திரத்தை எழுதினார். நகை நட்டுக் குவியல் கிடையாது. காவி உடுத்திய எளிய பெண். நான்கு கைகளில் ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் துணி, ஒன்றில் ஏடு, ஒன்றில் ஜபமாலை. நெற்கதிர் யார் விளைத்தது? துணி யார் நெய்தது? ஏடு மட்டும் ஏன் நம் பிள்ளைகளுக்கு இன்னும் எட்டாமல் இருக்கிறது? ஒரு படம் இத்தனை கேள்வி கேட்க முடியுமென்றால் அதைச் சுவரில் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எனவே தோழர்களே, வீட்டுக் காலண்டரைக் கழற்ற வேண்டாம். படத்துக்குக் கீழே பாருங்கள். சிவப்பு எழுத்தில் விடுமுறை நாள் அச்சிட்டிருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை விடுமுறை, எல்லாம் சம்பளத்தோடு. காண்டிராக்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு பென்சிலை எடுத்து, இந்த ஒன்பதில் எந்தெந்த நாள் சம்பளம் வந்தது, எந்தெந்த நாள் வரவில்லை என்று அந்தந்தக் கட்டத்திலேயே குறித்து வையுங்கள். டிசம்பர் முடிந்ததும் தாளைக் கிழித்து எறியாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.