வண்டி தானா ஓடும், கூலி தானா வருமா?

சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் திருப்பெரும்புதூர் வரைக்கும் குடோன்தான். உள்ளே பெட்டி ஏற்றி இறக்குகிறவன் யார்? நம்ம சேரிப் பிள்ளைகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பெரும்பாலும் காண்ட்ராக்ட்.

இந்த வேலைக்கு மாற்று வந்துவிட்டது. டிரைவர் இல்லாத வண்டி. தரையில் ஒட்டிய குறியைப் படித்துப் போவது ஒரு ரகம். லேசரால் இடத்தை அளந்து, தானே வழி பார்த்துப் போவது இன்னொரு ரகம். ரேக்குக்கு அடியில் புகுந்து ரேக்கையே தூக்கிவரும் வண்டியும் உண்டு. அதைச் செய்த கிவா கம்பெனியை அமேசான் 2012இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் தன்னிடம் 10 லட்சம் ரோபோக்கள் இருப்பதாக அறிவித்தது. பெங்களூரில் பார்சல் பிரிக்க ஃபிளிப்கார்ட் 2019இலேயே நூறு வண்டிகளுக்கு மேல் இறக்கிவிட்டது.

மிஷினை உடைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. முதுகு ஒடிய மூட்டை தூக்குவது நமக்குப் பெருமையும் இல்லை, குலத்தொழிலும் இல்லை. காந்தியின் இயந்திர எதிர்ப்பை 1945இல் அம்பேத்கர் தோலுரித்தார். உழைப்பவனுக்கு ஓய்வு தருவது இயந்திரம். கேடு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் சுருட்டும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். நம் நிலைபாடும் அதுதான்.

பலன் யாருக்கு என்பதே கேள்வி. ஆட்குறைப்புக்கு வழிசெய்யும் இயந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏது நோட்டீஸ்? காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டான், கேட்டில் நிறுத்திவிடுவான். ஆட்குறைப்பு என்ற கணக்கிலேயே அவன் வரமாட்டான். மிச்சமிருப்பவன் வண்டியின் வேகத்துக்குக் கை ஓட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். சாக்கடையில் செத்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் நம்மாள் இறங்குகிறான், சாகிறான். இத்தனைக்கும் கேரளத்தில் உருவான பேண்டிகூட் ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்தில் மேன்ஹோலுக்குள் இறங்கிவிட்டது. லாபம் இருக்கும் இடத்துக்கு மிஷின் ஓடி வருகிறது. நம் உயிர் இருக்கும் இடத்துக்கு வர மட்டும் டெண்டர், பட்ஜெட் என்று இழுக்கிறது. மிஷினுக்குச் சாதி தெரியாது, அதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே தோழர்களே, மூன்று கோரிக்கைகள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் முன்னறிவிப்பும் இழப்பீடும் வேண்டும். வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் முதல் இடம் அங்கே மூட்டை தூக்கினவனுக்கே. அந்தப் பயிற்சியைத் தாட்கோ நடத்தட்டும், ஐ.டி.ஐ.கள் நடத்தட்டும். ஊர் ஊராகச் சாக்கடைக்கு மிஷின் வரட்டும்.

மாணவத் தோழர்கள் குடோன் கேட்டுக்குப் போய் ஷிஃப்ட் விடும் நேரத்தில் பேசுங்கள். காண்ட்ராக்டர் பெயர், கூலி, வேலை நேரம் மூன்றையும் எழுதி வாருங்கள். கோரிக்கை மனுவை அங்கிருந்துதான் எழுத ஆரம்பிக்க வேண்டும்.