555 புத்தகத்தில் ஒரு வருஷம்

 

எங்கள் கடைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று என் மாமனார் எழுதி மாட்டியது. அதற்கு நேர் கீழே ஓர் ஆணி. அந்த ஆணியில்தான் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகங்கள் கொத்தாகத் தொங்கும்! பலகையைப் படித்துக்கொண்டே, “ஒரு கிலோ பருப்பு, எழுதிக்குங்க” என்று சொல்லாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு.

இந்தத் தீபாவளிக்கு முன்னால் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு கையில் அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் ‘2020’ என்று இருந்தது. வேலையை விட்டுவிட்டு அங்கேயே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாருங்கள், அந்தப் பக்கங்களை உங்களோடு சேர்ந்து புரட்டுகிறேன்.

நினைவிருக்கிறதா? 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே வரலாம். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பட்டணத்துப் பேரங்காடிக்குப் போய்ப் பழகியவர்கள்கூட எங்கள் கடை வாசலில் வரிசை பிடித்தார்கள். மாவும் முட்டையும் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். “கடைக்காரங்களுக்கு யோகந்தான்” என்று சிலர் காதுபடவே பேசினார்கள்.

பொய்யில்லை, முதல் வாரம் கல்லா நிறைந்தது. ஆனால் அது ஒரு மாத வியாபாரம் ஒரு வாரத்தில் நடந்ததே தவிர வேறில்லை. பிறகு சம்பளம் நின்றது. லாரியோடு சாமான் ஏற்றி இறக்கப் போனவருக்கு வேலை இல்லை. தொழிற்சாலையில் ஓவர்டைம் இல்லை. கல்யாணமே இல்லாதபோது மேளக்காரருக்கும் பூமாலை கட்டுகிறவருக்கும் ஏது வருமானம்? ஆணியில் புத்தகங்கள் பெருகின. எண்ணிப் பார்த்தேன், 41 புத்தகங்கள்.

ஒரு வீட்டின் அடுப்பு எப்படி எரிகிறது என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே கடைப் புத்தகத்துக்குத் தெரிந்துவிடும். முதலில் பெரிய சார்டின் டின் சின்ன டின் ஆகும். பிறகு மைலோ நின்று, வெறும் கோப்பித்தூள் ஆகும். பத்துக் கிலோ அரிசி ஐந்தாகும், அப்புறம் இரண்டாகும். கடைசியில் “முட்டை மூணு மட்டும்” என்று எழுதியிருக்கும். நான் எழுதிய எழுத்துத்தான். ஆனால் எழுதும்போது இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை.

அந்த ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு வங்கிக் கடன் தவணையைத் தள்ளிவைத்தார்கள். பலருக்கு அது பெரிய ஆறுதல். மளிகைக் கடனை யார் தள்ளிவைப்பது? முப்பது நாள் தவணை கொடுத்துவந்த மொத்த வியாபாரி, “இனிமேல் கைக்காசுதான்” என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். போதாக்குறைக்கு, செப்டம்பர் 14ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. தீபாவளிக்கு இரண்டே மாதம். விலையை ஏற்றியது யாரோ. ஏச்சு வாங்கியது நாங்கள்.

ஒருநாள் இரவு நானும் என் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே ஒரு சட்டம் போட்டோம். அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மாவு மட்டும் கடனுக்கு; மற்றதெல்லாம் கைக்காசுக்கு. நியாயமான சட்டந்தான். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அந்தச் சட்டத்தை நான் நடத்திய விதம் இருக்கிறதே!

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும். என் மாமனார் காலத்து வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். தோட்டத்தில் பால்வெட்டி, வயதாகி ஓய்ந்தவர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அரிசி வாங்கிவிட்டு, “பேரப் பிள்ளைக்கு ஒரு டின் பிஸ்கட் எழுதிக்க தாயி” என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள். களைப்போ, எரிச்சலோ தெரியவில்லை. “பிஸ்கட்டெல்லாம் கடனுக்கு இல்ல பெரியப்பா, போர்டைப் பாருங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் அரிசியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமே பேரன் கையில் 86 வெள்ளி 40 காசு வந்தது, கடைசிக் காசு வரைக்கும். அதன் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. தம் அப்பா சொன்ன ஒன்றை மட்டும் சொன்னார். 1969, 70இல் வேலை பெர்மிட் கிடைக்காமல், சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் பலர் ஊருக்குத் திரும்பிய காலம். பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் எங்கள் கடைக்கு வந்து பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனவர்கள் உண்டாம். காசு போதாத ஒருவர் தம் செம்பு அண்டாவை வைத்துவிட்டுப் போனாராம். “திரும்பி வரவே மாட்டேன்னு தெரிஞ்சும் கடனைத் தீர்த்தவங்க. அவங்க கடன் வாங்கினது அரிசிதான், மானத்தை இல்ல” என்பாராம் மாமனார்.

கட்டை மீண்டும் கட்டிவைத்துவிட்டு, மறுநாள் ஒரு டின் பிஸ்கட்டோடு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அந்தப் பேரன் இப்போது என்னைவிட உயரம்! என்ன பேசுவதென்று தெரியாமல் டின்னை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சரி, கணக்குல எழுதிக்க தாயி.”

எழுதிவிட்டேன். அவர் பெயரில் புதுப் புத்தகம் ஒன்று ஆணியில் தொங்குகிறது.

அந்த 41 புத்தகங்களில் 29 முழுவதும் தீர்ந்துவிட்டன. எட்டுப் பேர் சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். நாலு பேர் மட்டும் வரவில்லை. கையில் பேரங்காடிப் பையோடு, என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் கடந்து போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: கடன் வாங்கிய கடையை விட்டுவிட்டு, கைக்காசை வேறிடத்தில் கொடுக்காதீர்கள். பத்து வெள்ளியோடு வாருங்கள். மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வந்து முகம் காட்டினாலே பாதிக் கடன் தீர்ந்த மாதிரி.

என்னைப் போல் கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: இல்லை என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். சொல்லுங்கள். ஆனால் நாலு பேர் போன பிறகு சொல்லுங்கள்.

பலகையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். “கடன் முறிக்குமோ என்னவோ, நாக்கு முறிக்கும்னு உனக்கு ஞாபகப்படுத்தும்.”

அடுத்த மாதம் சந்திப்போம்.